வேலி யார் வயலில்?

அருணாசலப் பிரதேசத்தில் 520 கிலோமீட்டர், நாகாலாந்தில் 215, மணிப்பூரில் 398, மிசோரத்தில் 510. ஆக மொத்தம் 1643 கிலோமீட்டர். இந்திய-பர்மா எல்லையின் நீளம் இது. இந்த நீளம் முழுவதற்கும் வேலி போடப் போவதாக மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா 2024 பிப்ரவரி 6ஆம் நாள் அறிவித்தார். எல்லையின் இருபுறமும் வாழும் மலைமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வர இருந்த ஏற்பாட்டையும் ரத்து செய்வதாக இரண்டு நாள் கழித்துச் சொன்னார். வேலிக்கு ஆகும் செலவு சுமார் 31,000 கோடி ரூபாய் என்று பிறகு கணக்கு வந்தது.

பர்மா எல்லையில் வேலி போட்டால் உல்லாஸ்நகர்த் தமிழனுக்கு என்ன, தாராவித் தமிழனுக்கு என்ன என்று நம் சங்கத்திலேயே சிலர் கேட்கிறார்கள். வீட்டு வாடகை, ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று ஆயிரம் கவலைகள் தலைமேல் கிடக்கும்போது இப்படிக் கேட்பதை நாம் குறைசொல்ல மாட்டோம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இம்மாதத் தலையங்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

மணிப்பூர்த் தலைநகர் இம்பாலிலிருந்து தெற்கே பாலேல் வரை சமவெளி. அதற்கப்பால் சாலை மலையேறித் தெங்நௌபாலைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். ஏறத்தாழ 110 கிலோமீட்டர் போனால் மோரே. அதோடு இந்தியா முடிந்தது. எதிரே தெரிவது பர்மாவின் தமு நகரம். கேட்டைத் தாண்டினால் நாம்பலாங் சந்தை. மோரே கடைவீதியில் குக்கி, மெய்தேய், நேபாளி, பஞ்சாபி, மார்வாரி, முஸ்லிம் என்று எல்லாரும் இருந்தார்கள். தமிழரும் இருக்கிறார்கள். அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோபுரத்தோடு கோயில் கட்டி, இட்லியும் தோசையும் விற்று, வீட்டில் தமிழும் கடையில் பர்மியமும் பேசி வாழ்கிற தமிழர்.

அவர்கள் அங்கே எப்படிப் போனார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் மலையைப் பற்றிப் பேச வேண்டும். தமிழர் இருக்கிறார்கள் என்றால்தான் ஓர் ஊரின் துன்பம் நம் கண்ணில் படும் என்பது நல்ல பழக்கம் அல்ல.

மோரேயைச் சுற்றியுள்ள மலைகளில் கிடப்பவை குக்கி மக்களின் சிற்றூர்கள். சில பகுதிகளில் நாகர் ஊர்களும் உண்டு. நம் பக்கத்து ஊர்களைப்போல் தெருவும் சேரியும் குளமுமாக ஒரே இடத்தில் கூடியவை அல்ல. இந்த முகட்டில் இருபது வீடு, எதிர்ச்சரிவில் பதினைந்து வீடு என்று சிதறிக் கிடக்கும். இதற்குக் காரணம் உண்டு. குக்கிகளிடையே ஊர்நிலம் ஊர்த்தலைவர் பேரில் இருக்கும். தலைமை மூத்த மகனுக்குப் போகும். தலைவரின் தம்பியோ பங்காளியோ தன்னோடு வர இசைந்த சில குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய் வேறொரு சரிவில் புது ஊர் கட்டுவது அவர்கள் வழக்கம். மண்ணும் அப்படித்தான் கேட்கிறது. ஒரே சரிவை நம்பி இருநூறு குடும்பம் பிழைக்க முடியாது.

அவர்கள் செய்வது புனக்காட்டு விவசாயம். வடகிழக்கில் அதற்கு ஜூம் என்று பெயர். நமக்கு இது புதிதல்ல. தினைப்புனம் காத்த பெண்ணைப் பாடாத தமிழ் உண்டா? கொல்லிமலையிலும் சவ்வாது மலையிலும் நம் மலைமக்கள் கலப்பை ஏறாத சரிவில் கொத்திப் பயிர் செய்து வந்தவர்கள்தாம். மணிப்பூர் மலையில் தை, மாசியில் சரிவின் காட்டை வெட்டிக் காயப்போடுவார்கள். பங்குனியில் தீ வைப்பார்கள். சாம்பல்தான் எரு. கோடை மழை விழுந்ததும் சிறு கொத்தால் குழிதோண்டி நெல், மக்காச்சோளம், மிளகாய், எள், பூசணி, கிழங்கு, இஞ்சி எல்லாவற்றையும் கலந்து விதைப்பார்கள். ஒன்று போனாலும் ஒன்று கைகொடுக்கும். களை எடுப்பது பெரும்பாலும் பெண்கள். அறுப்பு வரை புனத்திலேயே குடிசை போட்டுக் குரங்கையும் பன்றியையும் பறவையையும் விரட்ட வேண்டும். ஓரிரு ஆண்டு விளைந்ததும் அந்தச் சரிவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். முன்பெல்லாம் விட்ட சரிவுக்குத் திரும்பிவரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். அதற்குள் காடு மறுபடி வளர்ந்துவிடும். இப்போது நான்கைந்து ஆண்டிலேயே திரும்ப வேண்டியிருக்கிறது. மண் தேய்கிறது, விளைச்சல் குறைகிறது. காட்டை அழிக்கிறவன் என்று அதிகாரிகள் அவனையே திட்டுகிறார்கள். மலையைக் குடைந்து குவாரி போடுகிறவனைத் திட்டி நாம் கேட்டதில்லை.

இப்படி ஆண்டுக்கொரு சரிவு மாறுகிற விவசாயிக்கு நில எல்லை என்பது பட்டாவில் போட்ட கோடு அல்ல. ஓடை, பாறை, முகடு, பாட்டன் சொன்ன அடையாளம் இவைதாம். ஆகவேதான் எல்லையை ஒட்டிய பல ஊர்களில் வீடு இந்தியாவில் இருக்கிறது, புனம் பர்மாவில் இருக்கிறது. தண்ணீர் எடுக்கும் ஓடை இந்தப்பக்கம், தாய்மாமன் வீடு அந்தப்பக்கம். நாகாலாந்தின் லோங்வா ஊரில் கொன்யாக் தலைவரின் வீட்டுக்குள்ளேயே கோடு போகிறது என்பதைப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதும். அங்கே இருக்கிறவனுக்கு அது வேடிக்கை அல்ல.

இந்தக் கோட்டைப் போட்டது யார்? 1826இல் யாண்டபூ உடன்படிக்கையோடு முதல் ஆங்கில-பர்மியப் போர் முடிந்தது. மணிப்பூர் அரசரின் ஆளுகையிலிருந்த கபாவ் பள்ளத்தாக்கை 1834இல் ஆங்கிலக் கம்பெனி பர்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அரசருக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. பள்ளத்தாக்குக்கு மாத வாடகை! பெம்பர்ட்டன் என்ற அதிகாரி அன்று வகுத்த கோட்டைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1967 மார்ச் 10இல் இரு அரசுகளும் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டன. இதில் எந்த ஒரு கட்டத்திலும் மலையில் கொத்திப் பிழைக்கிறவனை யாரும் கேட்டதாக வரலாறு இல்லை. ஆளுக்கு ஆள் தேவைப்பட்டபோது மட்டும் கேட்டார்கள்: முதல் உலகப்போரில் பிரான்சுக்குக் கூலிப்படையாகப் போகச் சொன்னார்கள். குக்கிகள் மறுத்தார்கள், 1917 முதல் 1919 வரை ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் செய்தார்கள். அவர்கள் ஊர்களை எரித்துத்தான் ஆங்கிலேயன் அதை அடக்கினான்.

தமிழருக்கு இந்த வகைக் கோடு தெரியாததா? 1974இல் கச்சத்தீவைக் கொடுத்தபோது, நம் மீனவரும் யாத்திரிகரும் முன்போல் போய்வரலாம், அனுமதிப் பத்திரம் வேண்டாம் என்று உடன்படிக்கையில் எழுதியிருந்தது. 1976இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் மீன்பிடிப்பு போயிற்று. கோடு போடும் நாளில் ஒரு சலுகை, பிறகு அதுவும் இல்லை. இராமேசுவரத்து மீனவன் அன்று முதல் பட்டுக்கொண்டிருப்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பர்மா எல்லையிலும் அதே கதைதான் நடக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் 1950இல் மலைமக்கள் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டர் வரை தடையின்றிப் போய்வர விதி இருந்தது. 1968இல் அனுமதிச் சீட்டு வந்தது. 2004இல் 40 என்பது 16 ஆயிற்று. 2018இல் இரு நாடுகளும் கையெழுத்திட்டு அந்த 16 கிலோமீட்டரை ஒழுங்குபடுத்தின. 14 நாள் வரை தங்கலாம். 2024 பிப்ரவரியில் எல்லாவற்றையும் ரத்து செய்வதாகச் சொல்லி, ஆண்டு முடிவதற்குள் புதிய விதி கொண்டு வந்தார்கள்: 10 கிலோமீட்டர், கையில் சீட்டு, 7 நாள், அதுவும் குறித்த 43 இடங்களில் மட்டும். 1643 கிலோமீட்டருக்கு 43 கேட் என்றால் கேட்டுக்குக் கேட் சராசரி 38 கிலோமீட்டர். நம் ரயில் கணக்கில் சொன்னால், வி.டி.யில் ஒரு கதவு, அடுத்த கதவு தானேவையும் தாண்டி. இடையில் இருக்கிறவன் நடக்க வேண்டியதுதான். சமதரையில் அல்ல, மலையில். தலையில் கூடையோடு.

வேலி என்றால் கோட்டின் மீதே போடுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வங்கதேச எல்லையைப் பாருங்கள். 1975ஆம் ஆண்டு வழிமுறைப்படி கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது என்பதால் வேலி இந்தியாவுக்குள் தள்ளி வந்தது. மேற்கு வங்கத்திலும் திரிபுராவிலும் மேகாலயத்திலும் ஆயிரக்கணக்கான விவசாயிகளின் நிலம் வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. காவலர் கேட்டைத் திறக்கும் நேரத்தில் போய், மூடுமுன் திரும்ப வேண்டும். நெல் வயலுக்கே இந்தக் கதி என்றால், இரவில் பன்றி விரட்டப் புனத்துக் குடிசையில் படுக்க வேண்டிய மலை விவசாயிக்கு எந்த கேட் திறந்திருக்கும்? மோரேயில் 10 கிலோமீட்டருக்கு வேலி முன்பே போட்டாயிற்று. அந்த வேலி நம் நிலத்துக்குள் வருகிறது என்று மணிப்பூரில் 2013 வாக்கிலேயே கிளர்ச்சி நடந்தது.

மிசோரம் சட்டசபை 2024 பிப்ரவரி 28ஆம் நாளும், நாகாலாந்து சட்டசபை மார்ச் 1ஆம் நாளும் வேலியை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. நாகாலாந்தில் ஆளுங்கட்சிக் கூட்டணியில் மத்திய ஆளுங்கட்சியும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்சி பார்த்து எழுந்த குரல் அல்ல இது.

அரசு தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது முதல் அங்கே உள்நாட்டுப் போர். ஆயுதம் வருகிறது, அபின் வருகிறது. 2023இல் அபின் விளைச்சலில் பர்மா ஆப்கானிஸ்தானைத் தாண்டி உலகில் முதலிடத்துக்கு வந்ததாக ஐ.நா. அலுவலகமே கூறியது. மணிப்பூர் மலையிலும் கசகசாச் செடி போடுகிறார்கள். அதை மூடி மறைப்பதால் பயனில்லை. ஆனால் ஏன் போடுகிறான்? இஞ்சியும் மிளகாயும் மூட்டை கட்டி இறக்கினால் லாரி வாடகைக்குக் கட்டவில்லை. கசகசாப் பாலுக்கோ வீடு தேடி வந்து பணம் கொடுக்கிறான் வியாபாரி. லாபம் அந்த வியாபாரிக்கு, போலீஸ் வழக்கு கொத்துப் பிடித்தவனுக்கு. ஆயுத வியாபாரி வேலி இருந்தாலும் வருவான். காசு கொடுத்து கேட் வழியாகவே வருவான். வேலி நிறுத்துவது கூடை சுமந்தவளை.

இப்போது தமிழர் கதைக்கு வருவோம்.

பர்மாவுக்குத் தமிழன் போனது நூறு ஆண்டுக் கதை. செட்டியார்கள் வட்டிக்கடைக்குப் போனார்கள். கப்பல் துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் வயலிலும் உழைக்க ஏழைகள் போனார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நிலம் அடமானத்தில் மூழ்கி, கீழ்ப்பர்மா நெல் வயலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார் கைக்கு வந்தது. பர்மியனின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அடி விழுந்தது பெரும்பாலும் கூலிக்காரன் தலையில். 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் நடந்தே வெளியேறினார்கள். தமு-பாலேல் பாதை அவர்களில் பலர் பிணமாய் விழுந்த பாதை. 1944இல் அதே பாதை நெடுக நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் எதிர்த்திசையில் வந்தது. அதில் மலாயா ரப்பர்த் தோட்டத்திலிருந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் எத்தனையோ பேர். ஏப்ரல் 14ஆம் நாள் மொய்ராங்கில் கொடி ஏறியது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இந்த மலையில் தமிழன் இரத்தமும் கலந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் ஆலைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெண்களின் காதில் மூக்கில் கிடந்ததைக்கூடக் கழற்ற வைத்துத்தான் சென்னைக் கப்பலில் ஏற்றினார்கள். அதே 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. ஒரே ஆண்டில் இரண்டு பக்கமும். தமிழனை எண்ணிக்கை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.

பர்மாவிலிருந்து வந்தவர்களை முகாமில் வைத்தார்கள். கொஞ்சம் கடன் கொடுத்தார்கள். மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் பர்மா காலனி என்று பெயர் நின்றது. பிழைப்புத்தான் நிற்கவில்லை. பர்மாவில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பாட்டன் ஊரில் நிலமும் இல்லை, ஆளும் தெரியவில்லை. நடந்தாவது போய்ச் சேர்வோம் என்று சிலர் ரயிலேறி, பஸ் ஏறி மோரே வரை போனார்கள். கேட்டில் பர்மாக் காவலர் திருப்பினார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னால் திரும்ப மனமும் கையில் காசும் இல்லை. நின்ற இடத்திலேயே கீற்றுக் கொட்டகை போட்டார்கள். குக்கித் தலைவர்கள் இருக்க இடம் விட்டார்கள். இதை நாம் மறக்கக் கூடாது. அரசாங்கம் கொடுக்காத இடத்தை மலைக்காரன் கொடுத்தான்.

பின் அவனும் இவனும் பண்டம் மாற்றினார்கள். புனத்து மிளகாயும் இஞ்சியும் கீழே இறங்கின. உப்பும் துணியும் மேலே ஏறின. 1994இல் இந்திய-பர்மா எல்லை வணிக உடன்படிக்கை ஏற்பட்டு, 1995இல் மோரே கேட் முறைப்படி திறக்கும் வரை தமிழர் நடத்திய வியாபாரம்தான் அந்த ஊரை ஊராக்கியது. ஒரு காலத்தில் பல்லாயிரம் இருந்த தமிழர் இன்று சில ஆயிரம்தான். கலவரத்தில் போனவர் பலர், வியாபாரம் படுத்ததில் போனவர் பலர்.

உல்லாஸ்நகரில் இருக்கிற நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. நாம் குடியிருக்கிற இந்த ஊரே ஒரு தேச எல்லைக்கோட்டால் பிறந்த ஊர். 1947 பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்களைக் கல்யாண் ராணுவ முகாமில் வைத்தார்கள். 1949 ஆகஸ்ட் 8ஆம் நாள் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி, ஒரு தமிழர், இங்கே அடிக்கல் நாட்டினார். முகாம் எண்கள் இன்றும் பஸ்ஸில் கேட்கின்றன: கேம்ப் ஒன்று, கேம்ப் ஐந்து. 1954இல் நட்டஈடு, மறுவாழ்வுச் சட்டம் வந்தது. பாரக்கில் இருந்தவர்கள் உழைத்துத் தொழிற்சாலை வைத்தார்கள். சிந்தி மக்களிடம் நமக்குப் பொறாமை இல்லை. அவர்கள் பட்டது போதும். ஆனால் மோரேயில் நின்றுபோன தமிழனுக்கு அடிக்கல்லும் இல்லை, சட்டமும் இல்லை, அவன் குடியிருக்கும் இடத்துக்கு அவன் பேரில் காகிதமும் இல்லை. காகிதம் இல்லாதவன் நிலை என்ன என்பது 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்தேன் என்று நிரூபிக்க வரிசையில் நின்ற தாராவித் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலையில் பழங்குடியினர் நிலம் பழங்குடியல்லாதார் கைக்குப் போகச் சட்டத்தில் தடை இருக்கிறது. அந்தத் தடையை எடுத்துத் தமிழனுக்குப் பட்டா கொடு என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். நீலகிரியில் மலைமக்களின் நிலம் எப்படிக் கைமாறிப் போயிற்று என்று பார்த்தவர்கள் நாம். வீட்டுமனைக்கு நீண்டகாலக் குத்தகையாவது ஊர்ச்சபை ஒப்புதலோடு எழுதிக்கொடுக்க வழியிருக்கிறதா என்று பார்க்கலாம். 1967இல் ஊர்த்தலைவர்களின் நில உரிமையை எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டுவிட்டு அதை நடைமுறைப்படுத்தாமலே விட்ட அரசுக்கு, புனம் கொத்துகிற சாதாரண குக்கி விவசாயிக்கும் காகிதம் இல்லை என்பது இத்தனை காலம் உறைக்கவில்லை.

2023 மே 3ஆம் நாள் மூண்டது நெருப்பு. மெய்தேய் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பது பற்றி மார்ச் மாதம் உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை எதிர்த்து மலைமக்கள் ஊர்வலம் போன நாள் அது. மாநிலப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு மலை. மக்கள் தொகையில் பாதிக்கு மேல் மீதியுள்ள சமவெளியில். நிலப்பசி இரு பக்கமும் உண்டு. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அறுபதாயிரம் பேர் வீடிழந்தார்கள். இம்பாலில் குக்கி இல்லை, மோரேயில் மெய்தேய் இல்லை என்று ஆயிற்று. மோரேயில் எரிந்தவற்றில் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத தமிழரின் வீடுகளும் இருந்தன. இம்பால் சாலை அடைபட்டு, கேட்டும் அடைபட்டு, நடுவில் நின்றார்கள். 1960களில் நின்ற அதே இடம்.

ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்கள் நாம். ஆகவே ஒரு வார்த்தை. ஜிரிபாமிலிருந்து இம்பாலுக்கு 111 கிலோமீட்டர் ரயில்பாதை மலையைக் குடைந்து போடுகிறார்கள். 2022 ஜூன் 30ஆம் நாள் துபுல் யார்டில் மண் சரிந்து பாதை போட்ட தொழிலாளரும் காவலுக்கிருந்த சிப்பாய்களுமாக ஐம்பதுக்கு மேற்பட்டோர் புதைந்தார்கள். இந்தப் பாதை மோரே வரை, அதற்கப்பால் பாங்காக் வரை போகும் என்று மேடையில் பேசினார்கள். மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட்டுக்கு 1360 கிலோமீட்டர் நெடுஞ்சாலை என்றார்கள். கிழக்கே கதவு திறக்கிறது என்றவர்களே இப்போது வேலிக்கு டெண்டர் விடுகிறார்கள். சரக்கு லாரிக்குத் திறப்பு, மலைக்காரனுக்கு அடைப்பு.

நம் சங்கச் செயற்குழு இதை விவாதித்தது. கருத்து வேறுபாடு இருந்தது. தேசப் பாதுகாப்பு விஷயத்தில் நாம் வாய் திறந்தால் வெளியூர்க்காரன் என்று நம்மையே குத்துவார்கள் என்று மூத்த தோழர்கள் எச்சரித்தார்கள். 1966க்குப் பின் பம்பாயில் மதராஸி என்று துரத்தப்பட்டவர்களின் எச்சரிக்கை அது; அலட்சியப்படுத்த முடியாது. முடிவில் மத்திய உள்துறைக்கு மனு அனுப்பத் தீர்மானித்தோம். வேலிக்கு முன் ஒவ்வொரு எல்லையூரின் ஊர்ச்சபையையும் கேட்க வேண்டும். புனமும் ஓடையும் வேலிக்கு வெளியே போகாதபடி பாதை மாற்ற வேண்டும். சீட்டு வழங்கும் இடம் ஒவ்வொரு ஊருக்கும் நடை தூரத்தில் இருக்க வேண்டும். 2023இல் வீடு எரிந்தவர்கள் எந்த இனத்தவராயினும் நட்டஈடு தர வேண்டும். மோரே தமிழரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மனுவின் படிகள் சங்க அலுவலகத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் கிடைக்கும். தாராவி, மாதுங்கா, செம்பூர்த் தோழர்கள் தத்தம் கிளைப் பொறுப்பாளரிடம் கையெழுத்திடலாம். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. பழைய பர்மா அடையாளச் சீட்டோ, கப்பல் பயணச் சீட்டோ, முகாம் அட்டையோ வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாமல் கொண்டுவந்து காட்டுங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். கையெழுத்துத் தாள்களை அடுத்த மாதம் முதல் ஞாயிறுக்குள் சேர்த்துவிட வேண்டும்.